ஆல்ஃபா ஆர்பியூட்டினும் அதிமதுரமும் சேர்ந்த சீரம்: வாங்கலாமா?

பரு ஆறிய இடத்தில் தங்கும் கருமைக்கும் வெயில் கருமைக்கும் இந்த வகை சீரம் தாராளமாக வாங்கலாம். மங்குக்குத் துணையாக உதவும், அதை மட்டும் நம்ப முடியாது. தோலின் ஆழத்தில் இறங்கி நீலச்சாம்பலாகத் தெரியும் கருமைக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தொடங்கி வைப்பது டைரோசினேஸ் என்ற என்சைம். ஆர்பியூட்டினும் அதிமதுர வேரிலுள்ள கிளாப்ரிடினும் அதைத்தான் தடுக்கின்றன. ஏற்கெனவே உருவான நிறமியை இவை கரைப்பதில்லை. மேல்தோல் உதிர உதிரத்தான் அது போகும். ஆகவே 8 முதல் 12 வாரம் போட்ட பிறகே மதிப்பிட முடியும். பலர் மூன்றாவது வாரத்திலேயே கைவிட்டுவிடுவது வருத்தமான விஷயம்.

பெட்டியின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். முன்னால் அதிமதுரம் என்று பெரிதாக இருக்கும், பின்னால் டைபொட்டாசியம் கிளிசிரைசேட் மட்டும் இருக்கும். அது எரிச்சலைத் தணிக்கும், கருமையைக் குறைக்க அதை நம்பக் கூடாது. கிளைசிரைசா கிளாப்ரா (அதிமதுரத்தின் தாவரப் பெயர்) வேர்ச்சாறு என்றோ, கிளாப்ரிடின் என்றோ இருக்க வேண்டும். அடுத்து ஃபினாக்ஸிஎத்தனாலைத் தேடுங்கள். இந்தப் பதப்படுத்தி வழக்கமாக 1 சதவீதத்தைத் தாண்டாது. பட்டியலில் அதிகமாக இருப்பதுதான் மேலே வரும் என்பதால், ஆர்பியூட்டின் அதற்குக் கீழே இருந்தால், பெட்டியில் போட்டிருக்கும் 2 சதவீதம் என்ற பேச்சு நம்பும்படி இல்லை. 2 சதவீதத்துக்கு மேல் இருப்பதும் வேண்டாம். முகக் கிரீமில் ஆல்ஃபா ஆர்பியூட்டினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த உச்சவரம்பே அதுதான். காரணம், ஆர்பியூட்டின் சிதைந்தால் ஹைட்ரோகுயினோன் என்ற, மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாத வெளுப்பு மருந்து வெளிப்படும். சூடு படும் ஜன்னலோரத்தில் பாட்டிலை வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

முதலில் காதுக்குப் பின்னால் சில நாள் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால், முகம் கழுவி ஈரத்தை ஒற்றியெடுத்து, மூன்று நான்கு சொட்டு முகம் முழுக்கத் தடவி, மேலே மாய்ஸ்சரைசர் போடுங்கள். காலையில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளம். இதை விட்டால் சீரத்துக்குக் கொடுத்த பணம் வீண். தடுத்த வேலையை வெயில் மறுபடி தொடங்கிவிடும். மங்கு உள்ளவர்கள் அயர்ன் ஆக்ஸைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனே வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்கும், நிறமில்லாதவை அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

எலுமிச்சைச் சாறு, கரகர ஸ்க்ரப் இரண்டையும் இதோடு சேர்க்காதீர்கள். எரிச்சல் வந்தால் அந்த இடம் இன்னும் கருக்கும். மேல்தோலை உரிக்கும் கிளைக்காலிக் ஆசிட் போடும் இரவில் சீரத்துக்கு ஓய்வு கொடுங்கள்.