ஸ்டைவசன்ட்டா, புரூக்ளின் டெக்கா? நாங்கள் ஏன் டெக்கை முதலில் போட்டோம்

நியூயார்க்கில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் இலையுதிர் காலம் வந்தாலே எஸ்.எச்.எஸ்.ஏ.டி. பேச்சுதான்; ஸ்டைவசன்ட், புரூக்ளின் டெக் மாதிரி நகரத்தின் சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு அது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டிலும் அதே கதை.

பழைய பெருமை இரண்டு பள்ளிக்கும் உண்டு. ஸ்டைவசன்ட் 1904, டெக் 1922. நோபல் பரிசு வாங்கியவர்கள் என்று பார்த்தால் ரோல்ட் ஹாஃப்மன் ஸ்டைவசன்ட்டில் படித்தவர், ஆர்னோ பென்சியாஸ் டெக்கில். இரண்டும் அரசுப் பள்ளி, ஃபீஸ் கிடையாது, இன்டர்வியூ கிடையாது, ஒரே தேர்வு, மார்க் மட்டும்தான். கட்-ஆஃப் சில ஆண்டுகளாக ஸ்டைவசன்ட்டுக்கு 560ஐ ஒட்டியும் டெக்குக்கு 505ஐ ஒட்டியும் இருக்கிறது. அதனால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டைவசன்ட்டை முதலில் போடுகிறார்கள். மார்க் வருவதற்கு முன்பே எந்தப் பள்ளி முதலில், எது அடுத்தது என்று விருப்ப வரிசையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், கிடைப்பதும் ஒரே சீட்தான், எனவே அந்த வரிசைதான் உண்மையான முடிவு.

எங்களுக்கு முடிவு செய்து கொடுத்தது ட்ரெயின். வீடு புரூக்ளினில் கிங்ஸ் ஹைவே பக்கம். பி அல்லது க்யூ ட்ரெயின் ஏறினால் எங்கும் மாறாமல் டீகால்ப் அவென்யூ, அங்கிருந்து கொஞ்ச தூர நடை, வீட்டு வாசலிலிருந்து 45 நிமிடம். ஸ்டைவசன்ட்டுக்கு அட்லாண்டிக் அவென்யூவில் கூட்டத்தோடு கூட்டமாக 2 அல்லது 3ஆம் நம்பர் ட்ரெயினுக்கு மாறி, சேம்பர்ஸ் ஸ்ட்ரீட்டில் இறங்கி, ஆற்றோரம் வரை நடக்க வேண்டும். ஒரு வாரநாள் காலையில் மகளோடு போய்ப் பார்த்தோம், 65 நிமிடம் ஆனது. இருபது நிமிடம்தானே என்று தோன்றும். போக வர 40 நிமிடம், வருடத்துக்கு 180 பள்ளி நாள், அப்படியென்றால் 120 மணி நேரம். நான்கு வருடத்தில் 480. பதினான்கு வயசுப் பிள்ளைக்கு அதில் பாதி தூக்கமாகக் கிடைத்தாலே பெரிய விஷயம். ரோபாடிக்ஸ் முடிந்து ஆறு மணிக்குக் கிளம்பினாலும் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. மார்க் வந்தபோது ஸ்டைவசன்ட் கட்-ஆஃபையும் தாண்டியிருந்தாள், "வீணாக்கிட்டீங்களே" என்று அவள் பெரியப்பா போனில் வருத்தப்பட்டார். எனக்கு அன்றும் சரி, இன்றும் சரி, வருத்தம் இல்லை.

டெக்கில் இன்னொன்றும் பிடித்தது. கடைசி இரண்டு வருடம் கல்லூரி மாதிரி ஒரு துறையைத் தேர்ந்தெடுத்துப் படிக்கலாம். சின்ன வயசிலிருந்து வீட்டுப் பிளான் வரைகிறவளுக்கு அங்கே ஆர்க்கிடெக்சர் இருக்கிறது. குறை என்றால் கூட்டம்தான். கிட்டத்தட்ட 6,000 பிள்ளைகள், ஸ்டைவசன்ட்டைவிட ரொம்பவே பெரிது. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு முதல் சில மாதம் சிரமமாக இருக்கும், இவளுக்கும் இருந்தது.

ஸ்டைவசன்ட் உள்ளே எப்படி என்பது நண்பர் மகன் சொல்லிக் கேட்டதுதான். படிப்பில் போட்டி கடுமை, அது பிடித்த பிள்ளைக்கு அருமையான இடம் என்கிறான். மகள் இப்போது பத்தாவதுதான், கல்லூரி விண்ணப்பத்தில் எது கைகொடுக்கும் என்று சொல்ல எனக்கு இன்னும் அனுபவம் இல்லை.

நகரத்தின் இன்னொரு பகுதியான குயீன்ஸில் ஈ ட்ரெயின் லைன் ஓரமாக இருப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே திரும்பிவிடும். அந்த ட்ரெயின் மாறாமல் ஸ்டைவசன்ட் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும், அங்கே இருந்திருந்தால் நானும் அதைத்தான் முதலில் போட்டிருப்பேன்.