வோபரினா அபிக்சபானா: முருங்கை இலையும் விரதமும் உள்ள வீட்டுக்கு எது?

இதயத்துடிப்பு ஒழுங்கு குழம்பி, இதய மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டிபடக்கூடும் என்று இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசை எழுதப்பட்டவர்களுக்கான ஒப்பீடு இது: வோபரின், அபிக்சபான் இரண்டும் அந்த வகை. அஸ்பிரின் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அது குருதிச் சிறுதட்டுகள் ஒட்டுவதைத்தான் குறைக்கும். இங்கே கட்டியை இறுக்குவது பைபிரின் என்ற புரத இழைகளின் வலை.

வோபரின் மலிவு, 1954 முதல் பாவனையில் உள்ளது. விற்றமின் கே மீளப் பயன்படுவதைத் தடுத்து 2, 7, 9, 10 ஆம் உறைதற் காரணிகளைக் குறைக்கும். முழுப் பலன் வர ஐந்து நாளாவது வேண்டும்.

பாடு அதற்குப் பிறகுதான். இரத்தம் உறைய எவ்வளவு சுணங்குகிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை எண்ணான ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும். ஒரு கிழமை முருங்கை இலை வறையும் வல்லாரைச் சம்பலுமாகச் சாப்பிட்டு, மறுகிழமை கீரையே தொடாவிட்டால் அது ஆடும். கீரையை விலக்கத் தேவையில்லை, அளவு மாறாமல் இருந்தால் சரி. பல் வீக்கத்துக்குத் தரும் மெற்றோனிடசோல் இன்னும் ஆபத்து: ஐ.என்.ஆர். சடுதியாக ஏறும், சில நாளுக்குள் திரும்பப் பார்க்கவேண்டும். நெடுந்தீவுக்காரர் அந்த ஒரு சொட்டு இரத்தத்துக்காகக் குறிகட்டுவானுக்குப் படகேறி, பிறகு பஸ் பிடிக்கவேண்டும்.

அதனால் என் தெரிவு அபிக்சபான். காலை 5, இரவு 5 மில்லிகிராம், ஐ.என்.ஆர். இல்லை, கீரைக் கணக்கும் இல்லை. ரிவரொக்சபானும் இதே வகைதான், ஆனால் 20 மில்லிகிராம் குளிசையை வயிறு நிறையச் சாப்பாட்டோடு எடுக்காவிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருக்கும் அம்மாவுக்கு அது சரிவராது. அபிக்சபானை வெறும் வயிற்றிலும் எடுக்கலாம்.

விலை கூட. பலன் வடிவதும் கெதி: இரண்டு வேளை தவறினால் காப்பு கிட்டத்தட்ட இல்லை. மறதி உள்ளவருக்கு வோபரின் இந்த இடத்தில் பொறுமையானது. வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது குறைவு, சிறுநீரக வேலையைக் காட்டும் இரத்தக் கிரியாற்றினின் 1.5 mg/dL அல்லது மேல். இவற்றில் இரண்டு இருந்தால் அபிக்சபான் வேளைக்கு 2.5 மில்லிகிராம்தான். எங்கடை ஆச்சிமார் பலருக்கு எடைக் கணக்கு பொருந்தும், நிறுத்துப் பார்க்கவேண்டும்.

உலோக வால்வு பொருத்தியவருக்கும், வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்கு சுருங்கியவருக்கும் இந்தத் தெரிவே இல்லை: வோபரின்தான்.

மாரி மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் சிறுதட்டும் இறங்கும். எந்தக் குளிசை என்றாலும் முதல் நாளே வைத்தியரிடம் சொல்லுங்கள். டைக்குளோபெனக், இபுபுரோபன் போன்ற நோமாற்றிகள் வேண்டாம்.

வைத்தியர் மாற்றச் சொன்னால், வோபரினை நிறுத்தி, ஐ.என்.ஆர். 2க்குக் கீழ் வந்த பிறகே அபிக்சபான் தொடங்கும். இரண்டும் ஒன்றாக ஓடக்கூடாது.