முதல் மடக்குக் கத்தி: ஓபினெலா, விக்டோரினாக்ஸா, கேஸா, பக்கா?

சித்தப்பா பையன் ஒருத்தன், வேலைக்கு சேந்து இப்பதான் மூணு சம்பளம் பாத்திருக்கான், "அண்ணே, மடக்குக் கத்தி சேக்கலாம்னு இருக்கேன், முதல்ல எத வாங்கட்டும்"னு கேட்டு நாலு போட்டோ அனுப்பிருந்தான். ஓபினெல் நம்பர் 8, விக்டோரினாக்ஸ் பயனியர், கேஸ் ஸ்டாக்மேன், பக் 110. நாலும் நல்ல கத்தி, அதுதான் தலைவலி. அதுல ஒண்ணு மட்டம்னா ரெண்டு வரில பதில் போட்டுட்டு தூங்கிருப்பேன்.

எது ரொம்ப ஷார்ப்புன்னு மட்டும் கேக்காதீங்க. சாணைக்கல் கையில இருந்தா நாலும் தக்காளித் தோல சத்தமில்லாம பிளக்கும், இல்லன்னா ஆறு மாசத்துல நாலும் மழுங்கி வெண்ணெய் வெட்டத்தான் லாயக்கு. கத்தி வாங்குறவனுக்கு வெட்டினா போதும், சேக்குறவனுக்கு ஒரு கத்தி அடுத்த கத்தி கிட்ட கூட்டிட்டுப் போகணும். அந்தக் கணக்குல பாத்தா நாலுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

ஓபினெல்ல இருந்து வரேன், ஏன்னா நாலுல இதான் விலை கம்மி, அதுவும் ரொம்பவே கம்மி. பிரான்ஸ்ல ஆல்ப்ஸ் மலை ஓரம் சவாய்னு ஒரு பகுதி, அங்க கோடாலி அரிவாள் அடிக்கிற பட்டறைக் குடும்பத்துல பொறந்த ஜோசஃப் ஓபினெல் 1890-ல போட்ட டிசைன், குடியானவன் பாக்கெட்ல வச்சு ரொட்டியும் சீஸும் நறுக்கிக்கிறதுக்கு. 1897-ல 1-ல இருந்து 12 வரைக்கும் சைஸ் நம்பர் போட்டாங்க, அப்புறம் 1-ஐயும் 11-ஐயும் நிறுத்திட்டாங்க. நம்பர் 8-ல பிளேடு எட்டரை சென்டிமீட்டர், மொத்த எடை ஒரு அம்பது கிராமுக்குள்ள, பாக்கெட்ல இருக்கறதே தெரியாது. மொத்தமே அஞ்சு பாகம்தான்: பிளேடு, மரப்பிடி, ஒரு ஆணி, ஒரு பட்டை வளையம், அதுக்கு மேல சுத்துற பூட்டு வளையம். அந்தப் பூட்டு வளையம் வந்தது 1955-ல, அதுக்கு முன்னாடி பிளேடு விரல் மேல மடங்கினா மடங்கினதுதான். பிளேடுல ஒரு கையும் கிரீடமும் முத்திரையா இருக்கும், கிரீடம் சவாய் அரச வம்சத்தோடது.

இதுல கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ்னு ரெண்டு இருக்கு, புதுசா வர்றவங்க எல்லாரும் பயந்துகிட்டு ஸ்டெயின்லெஸ்ல போய் நிப்பாங்க. நான் கார்பனத்தான் சொல்வேன். வீட்ல பழைய இரும்பு அருவாமனை இருந்தா ஞாபகப்படுத்திப் பாருங்க, மாங்கா நறுக்கினா கருத்துப் போகும், வாழைப்பூ நறுக்கினா இன்னும் மோசம், ஆனா பாட்டி கழுவித் தொடச்சு சாய்ச்சு வச்சுட்டா வருஷக்கணக்கா துருவே ஏறாது, அந்தக் கருப்புதான் அதுக்குக் கவசம். கார்பன் ஓபினெலும் அதே சமாச்சாரம்தான். கல்லுல நாலு இழுப்பு இழுத்தாலே கூர் வந்துடும், அதனால சாணை பிடிக்கப் பழக இதவிட நல்ல கத்தி கிடையாது, தப்பு பண்ணாலும் பெரிய நஷ்டம் இல்ல. நான் ஆரம்பத்துல ஒரு கார்பன் கத்தில எலுமிச்சம்பழம் நறுக்கிட்டு அப்படியே சிங்க் ஓரமா வச்சுட்டுத் தூங்கிப் போயிட்டேன், காலைல பிளேடு முழுக்க செம்மண் பூசின மாதிரி இருந்துது. முழுக்க என் தப்பு. அன்னிலேர்ந்து தொடைக்காம மடக்குறதில்ல.

ஆனா கடலோர ஊர்ல இருக்கறவங்க இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும், பிடி பீச் மரம், ஈரம் பட்டா ஊதும், ஐப்பசி மழைல பிளேடு பிடிக்குள்ள இறுகிக்கும். நகத்த உடைச்சுக்காதீங்க. சவாய்க்காரங்க இதுக்கு ஒரு தட்டு வச்சிருக்காங்க: வளையத்த தொறந்துட்டு பிடியோட அடி நுனிய மேஜை ஓரத்துல டொக்குன்னு ஒரு தட்டு, பிளேடு தானா தலைய நீட்டும். மரம் காஞ்சதும் பழையபடி ஆயிடும்.

விக்டோரினாக்ஸ் பத்தி பெருசா அறிமுகம் வேண்டியதில்ல, மாமா துபாய்ல இருந்து கொண்டு வந்த சிவப்புக் கத்தி எல்லார் வீட்லயும் ஒண்ணு பீரோல கிடக்கும். அதுல பாதி ஒரிஜினலே இல்லங்கறது வேற விஷயம். கார்ல் எல்சனர் 1884-ல ஸ்விட்சர்லாந்து ஈபாக்ல பட்டறை போட்டார், 1891-ல ராணுவத்துக்கு சிப்பாய் கத்தி சப்ளை பண்ண ஆரம்பிச்சார், 1897-ல ஆபீசர் கத்திய பதிவு பண்ணார். 1909-ல அவங்கம்மா விக்டோரியா இறந்ததும் அந்தப் பேரையே பிராண்டுக்கு வச்சார், 1921-ல துருப்பிடிக்காத ஸ்டீல் வந்ததும் அதுக்கான இனாக்ஸ்ங்கற சொல்ல ஒட்டி விக்டோரினாக்ஸ் ஆச்சு. பயனியர்ல சிவப்பு பிளாஸ்டிக் இல்ல, புள்ளி புள்ளியா அச்சு போட்ட அலுமினியத் தகடு, அலாக்ஸ்னு சொல்வாங்க. ஒரு பெரிய பிளேடு, பாட்டில் ஓப்பனர், டின் ஓப்பனர், துளை போட ஒரு குத்தூசி, ரெண்டு ஓப்பனர் நுனியும் ஸ்க்ரூ டிரைவர், அவ்ளோதான். பல்குத்தி, இடுக்கிலாம் இதுல கிடையாது, அது வேணும்னா சிவப்புப் பிடிக்குத்தான் போகணும்.

வேலைக்குன்னா நாலுல இதுக்கு முதல் மார்க், யோசிக்கவே வேணாம். பிளேடு ஸ்டீல்ல கடினம் கொஞ்சம் கம்மி, கூர் சீக்கிரம் போகும், சீக்கிரம் வரவும் செய்யும். துருவப் பத்தி கவலையே இல்ல. ஆனா சேக்குறதுக்கு? நூறு கத்தியும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும், அவ்ளோ சுத்தமான வேலை, அதனாலயே கையில எடுத்துப் பாக்க வித்தியாசம் கம்மி. இதுல கலெக்ஷன்னு இறங்கினா பழைய சிப்பாய் கத்தி பக்கம் போகணும், 1961-ல வந்த அலாக்ஸ் சிப்பாய் மாடல்ல பிளேடு அடில வருஷத்தோட கடைசி ரெண்டு இலக்கம் குத்திருப்பாங்க, அவங்கவங்க பொறந்த வருஷத்துக் கத்தியத் தேடுற கூட்டம் ஒண்ணு இருக்கு. அந்தத் தேடல் ஜாலியாத்தான் இருக்கும்.

இப்ப கேஸ். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும். அமெரிக்கால பென்சில்வேனியா மாகாணம், பிராட்ஃபோர்டுனு சின்ன ஊரு, 1889-ல ஆரம்பிச்ச பேரு, 1993-ல அதே ஊர் சிப்போ லைட்டர் கம்பெனி வாங்கிடுச்சு. மீடியம் ஸ்டாக்மேன்ல மூணு பிளேடு, மடக்கினா ஒம்பது சென்டிமீட்டர் சொச்சம். மாட்டுப் பண்ணை ஆளுங்களுக்குன்னு வந்த டிசைன்: கூர் முனையோட இருக்கற பெரிய பிளேடு எல்லா வேலைக்கும், வெட்டு வாய் நேரா இருக்கற ஷீப்ஸ்ஃபுட் பிளேடு முனை குத்திடாம கயிறு அட்டைலாம் அறுக்க, மூணாவது மொண்ணை முனையோட ஸ்பே பிளேடு, அது காளைக்கன்னுக்குக் காயடிக்கறதுக்கு. ஆமா, அதுக்குத்தான். இப்ப அதுல நான் பார்சல் பிரிக்கிறேன்.

இதுல ருசி என்னன்னா, கத்தியப் படிக்கலாம். இந்த ஸ்டாக்மேனோட மாடல் நம்பர் 6318-ன்னா முதல் 6 எலும்புப் பிடி, 3 மூணு பிளேடு, 18 அந்த வடிவத்தோட நம்பர். அப்ப 6254? எலும்பு, ரெண்டு பிளேடு, 54-ங்கற ட்ராப்பர் வடிவம். இதத் தெரிஞ்சுகிட்டீங்கன்னா எந்த விளம்பரத்தப் பாத்தாலும் கத்தியத் தொறக்காமலே பாதி விஷயம் தெரிஞ்சுடும். பிளேடு பிடிக்குள்ள போற இடத்துல இருக்கற முத்திரை அடுத்த ருசி. 1970-ல பேருக்குக் கீழ பத்து புள்ளி வச்சாங்க, வருஷத்துக்கு ஒரு புள்ளி எடுத்துக்கிட்டே வந்தாங்க, 1979-ல ஒரே புள்ளி. 1980-ல S எழுத்த மின்னல் மாதிரி ஒல்லியா மாத்திட்டு மறுபடி பத்து புள்ளிலேர்ந்து இறக்கினாங்க. அதனால பழைய கத்தி ஒண்ணு கையில கிடைச்சா லென்ஸ எடுத்துகிட்டு புள்ளி எண்ண உக்காந்துடுவோம், வீட்ல இருக்கறவங்களுக்கு இது கிறுக்குத்தனமாத்தான் தெரியும், தப்பில்ல.

குறையும் இருக்கு. பூட்டு கிடையாது, ஸ்பிரிங் அழுத்தம் மட்டும்தான், குத்துற வேலைக்கு எடுத்தா விரல் போயிடும். கையால பொருத்துற கத்திங்கறதால ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் இருக்கும், வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ஸ்பிரிங்குக்கும் தகடுக்கும் நடுவுல இடைவெளி தெரியுதான்னு பாக்கணும், பிளேட தொறந்து பக்கவாட்டுல ஆட்டிப் பாக்கணும், மூடும்போது நறுக்குன்னு சத்தம் வரணும். அப்புறம் எலும்புன்னா மாட்டு எலும்பு. சில வீட்ல பூஜை ரூம் பக்கமே கொண்டு வரக்கூடாதும்பாங்க, அவங்களுக்கு 3318 இருக்கு, முதல் இலக்கம் 3-ன்னா மஞ்சள் சிந்தெடிக் பிடி, அது பெரும்பாலும் CV-ன்னு போட்ட குரோம் வனேடியம் கார்பன் பிளேடோட வரும். சொல்லப்போனா எனக்கு அந்த மஞ்சள்தான் அழகு, பிளேடு கருக்கக் கருக்க மஞ்சளோட சேந்து என்னமா இருக்கும் தெரியுமா.

பக் 110-ஐ சுருக்கமாவே முடிச்சுடலாம். அல் பக் 1964 வாக்குல கொண்டு வந்த வேட்டைக் கத்தி, அப்ப கம்பெனி சான் டியாகோல, 2005-லேர்ந்து ஐடஹோ மாகாணத்து போஸ்ட் ஃபால்ஸ்ல. பிளேடு ஒம்பதரை சென்டிமீட்டர், பிடியோட ரெண்டு முனைலயும் பித்தளை, பின்பக்க முதுகுல பூட்டு, எடை கிட்டத்தட்ட இருநூறு கிராம், அதாவது நாலு ஓபினெல். பாக்கெட்ல போட்டா பேண்ட் இறங்கும், அதான் இடுப்புல மாட்ட தோல் உறை கூடவே வருது. முதுகுப் பூட்ட இவங்க கண்டுபிடிக்கல, ஆனா அத ஊருக்கெல்லாம் பழக்கினது இந்தக் கத்திதான். தொறக்கற சத்தமே தனி கெத்து. 1986-லேர்ந்து ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு குறி போடுறாங்க, அதனால இதுலயும் படிக்க விஷயம் இருக்கு, ஆனா கேஸ் அளவு வடிவத்துல விதம் கிடையாது. ஒண்ணே ஒண்ணு, அந்தத் தோல் உறைக்குள்ளயே போட்டு அலமாரில மாசக்கணக்கா வைக்காதீங்க, தோல் பதனிடற உப்பும் ஈரமும் சேந்து பித்தளைல பச்சைக் களிம்பு ஏத்திடும்.

சட்ட விஷயம் ரெண்டு வரி. இந்தியால பிளேடு 9 அங்குல நீளமோ 2 அங்குல அகலமோ தாண்டினாதான் லைசென்ஸ் பேச்சு, வீட்டு உபயோகக் கத்திக்கு அதுவும் கிடையாது, இந்த நாலும் அந்த அளவுக்குப் பக்கத்துலயே வராது, ஆனா விமானத்துல கைப்பைல எதையும் வைக்க முடியாது, மெட்ரோ ஸ்டேஷன் செக்கிங்லயும் புடுங்க வாய்ப்பு இருக்கு. லண்டன் பக்கம் இருக்கற நம்மாளுங்களுக்கு கதை வேற, அங்க வெட்டு வாய் 3 அங்குலத்துக்குள்ள இருக்கணும், பூட்டும் இருக்கக்கூடாது, அப்பதான் காரணம் சொல்லாம பாக்கெட்ல வச்சுக்கலாம். பயனியரும் ஸ்டாக்மேனும் அதுல பாஸ், ஓபினெல் 8-ம் பக்கும் வீட்டோட.

இன்னொரு போட்டோவும் அனுப்பி "இந்த லாகியோல் நல்லா இருக்குல்ல"ன்னான், தேனீ பொம்மை வச்ச பிரெஞ்சுக் கத்தி. லாகியோல்ங்கறது ஒரு ஊர் பேரு, கத்தி வகையோட பேரும் அதுதான், ஒரே கம்பெனிக்கு சொந்தம் கிடையாது, அந்தப் பேர யார் யாரோ எங்கெங்கயோ போட்டு விக்கிறாங்க. யார் பண்ணதுன்னு பிளேடுல பாத்து சொல்ற அளவுக்குப் பழகற வரைக்கும் அது வேணாம்னுட்டேன்.

அவனுக்கு நான் போட்ட பதில் இதான்: இந்த மாசம் கார்பன் ஓபினெல் 8, கூடவே ஆயிரம் கிரிட் சாணைக்கல் ஒண்ணு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு பாட்டில், தேங்காண்ணெய் வேணாம், கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு ஆயிடும். மூணு மாசம் மாங்கா, அட்டைப்பெட்டி, பென்சில் எல்லாம் அதுலயே வெட்டு. கருப்பு ஏறினத பாத்து உனக்கு சந்தோஷம் வந்துச்சுன்னா அடுத்தது மஞ்சள் 3318, எரிச்சல் வந்துச்சுன்னா பயனியரோட நிறுத்திக்கோ, அதுவும் நல்ல கத்திதான். பக் 110-ஐ பொறுமையா பழைய வருஷக் குறியோட தேடலாம், ஆனா எவனாச்சும் மெஷின்ல பாலீஷ் போட்டுப் பளபளன்னு ஆக்கின பழைய கத்திய மட்டும் வாங்காத, மேல் உலோகத்தோட முத்திரையும் தேஞ்சு போயிருக்கும்.

படிச்சுட்டு அவன் கேட்டது ஒண்ணுதான்: "அண்ணே, அந்த ஸ்பே பிளேடு நிஜமாவே அதுக்கா?"