ஆம்னிக்குப் பழைய இன்ஜின்: மதுரையில் மொத்த ரேட் பேசி மாட்டும் வேலை எப்படி இருக்கிறது?

மாருதி ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடியற்காலை மூட்டை இறக்கும் வண்டிகளிலும், மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் விசேஷ வீட்டுச் சாமான் ஏற்றும் வண்டிகளிலும் ஆம்னிக்கு இன்னும் இடம் இருக்கிறது. பாடி நன்றாக இருந்து இன்ஜின் மட்டும் ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டால் இரண்டு வழி. லேத்துக்கு அனுப்பி போர் அடித்து (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சீராக்கி), புது பிஸ்டன், ரிங் போடலாம். இல்லையென்றால், உடைப்புக்குப் போன இன்னொரு ஆம்னியின் இன்ஜினை வாங்கி மாட்டலாம். இரண்டாவது வழிக்கு இன்ஜின் விலை, மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து மொத்த ரேட் பேசும் ஒர்க்‌ஷாப்புகள் மதுரையில் நிறைய. இந்த விமர்சனம் அந்த வேலையைப் பற்றியது. தனியாக ஒரு கடையை வைத்து எழுதவில்லை. வேலை நடக்கிற விதம் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். கழற்றி மாட்டும் கைவேலையில் குறை சொல்ல இடமில்லை. ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரி ஒயரைக் கழற்றி, தண்ணீர், ஆயில் வடித்து, ஆக்ஸில், கிளட்ச், சோக் கேபிள்களை விடுவித்து, சைலன்சர் பைப், புரொப்பல்லர் ஷாஃப்ட் பிரித்து, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடுவார்கள். பழகிய கைகள் இரண்டு இருந்தால் அரை நாள் வேலை. குறை எங்கே என்றால், வாங்கி வந்த இன்ஜினை அப்படியே கழுவித் துடைத்து மேலே ஏற்றிவிடுவதில். மொத்த ரேட் என்று பேசிவிட்டதால் ஒரு சீல் மாற்றினாலும் கடைக்காரருக்குக் கைக்காசு போகும். அதனால் யாரும் தானாக மாற்ற மாட்டார்கள். நாம்தான் பேச வேண்டும்.

இன்ஜின் தேர்வு. கார்புரேட்டர் வண்டிக்குக் கார்புரேட்டர் இன்ஜின், எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும்) வண்டிக்கு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின். இதில் சமரசம் வேண்டாம். மாற்றிப் போட்டால் கம்ப்யூட்டர், ஒயரிங், டேங்கில் எலெக்ட்ரிக் பம்ப் என்று செலவு இன்ஜின் விலையைத் தாண்டிவிடும். “மாருதி 800 இன்ஜினும் இதே 796 சிசிதான்ணே, அப்படியே உட்காரும்” என்று சொல்வார்கள். பழைய 800-இல் மூன்று சிலிண்டர், 796 சிசி எல்லாம் அதேதான். ஆனால் அந்த வண்டி முன்சக்கர இழுவை. இன்ஜின் குறுக்காக உட்காரும். ஆம்னி பின்சக்கர இழுவை. சம்ப் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி), மேனிஃபோல்டு, மவுண்டிங் எல்லாம் உங்கள் பழைய இன்ஜினோடு பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்காமல் 800 இன்ஜினுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடையில் தரையில் கிடக்கும் இன்ஜினில் பார்க்க வேண்டியவை சில. தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு போல்ட்தான். உள்ளே பச்சையோ சிவப்போ கூலண்ட் கறை இருந்தால் நல்ல வீட்டில் வளர்ந்த இன்ஜின். செங்கல் பொடி நிறத்தில் துருச்சேறு, ஓரத்தில் வெள்ளை உப்புப் படிவம் இருந்தால் காலமெல்லாம் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டியது. நம் பக்கத்து உப்புத் தண்ணீர், பெட்டில் (சிலிண்டர் பிளாக்கில்) இருக்கும் கோர் பிளக் என்ற தகட்டு மூடியை உள்ளிருந்து அரிக்கும். ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும். சிலிண்டர்களுக்கு மேலே மூடியாக இருக்கும் ஹெட் அலுமினியம், பெட் வார்ப்பிரும்பு. சூடேறினால் முதலில் வளைவது ஹெட்தான். அந்தச் சேற்றைப் பார்த்தால் அடுத்த இன்ஜினுக்கு நகர்ந்துவிடுங்கள்.

“ஆக்சிடென்ட் வண்டி இன்ஜின், அடியே படல” என்பதும் பாதி உண்மை. ஆம்னியில் மூக்கில் அடிபட்டால் இன்ஜின் தப்பிவிடும், ஆனால் முன்னால் இருக்கும் ரேடியேட்டர் உடைந்திருக்கும். அடிபட்ட பிறகு தண்ணீர் இல்லாமல் எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்பதுதான் கேள்வி. கேஸில் ஓடிய வண்டி என்றால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் உள்வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த இன்ஜினை வாங்கினால் ஹெட்டைத் திறந்து வால்வு வேலை பார்க்கும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கம்ப்ரஷன் டெஸ்ட் (பிளக் ஓட்டையில் கேஜ் வைத்து சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது) கண்டிப்பாக வேண்டும். நல்ல பேட்டரி, மூன்று பிளக்கும் வெளியே, கார்புரேட்டரின் த்ராட்டில் முழுக்கத் திறந்த நிலை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோவுக்கு மேல் இருந்தால் திருப்தியாக வாங்கலாம். அதைவிட முக்கியம், மூன்றுக்கும் இடையே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒன்று குறைவாக வந்தால் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் (ரிங் வழியாகக் கசிந்து வரும் புகை) பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் அது கேஜுக்கு மாற்று ஆகாது. இந்த டெஸ்டுக்கு முகம் சுளிக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

இனி, இந்தச் சேவையின் உண்மையான பலவீனம். இன்ஜின் தரையில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை. கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் மிகச் சின்ன சாமான். அதை விட்டுவிட்டு ஏற்றினால், கொஞ்ச நாளில் ஆயில் கசிந்து கிளட்ச் பிளேட்டில் ஏறும். கிளட்ச் வழுக்கும். அதைச் சரிசெய்ய கியர்பாக்ஸை மறுபடி முழுக்க இறக்க வேண்டும். சீலுக்கு ஆகாத காசு கூலிக்குப் போகும். எனவே பின்பக்க சீல், முன்பக்க சீல், கேம் சீல், பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் இவை ஐந்தும் புதிதாக இருக்கட்டும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் பழைய இன்ஜினில் நன்றாக இருந்தால் அதையே போடலாம். ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டு இருந்தால் லேத்தில் முகம் சீவ வேண்டும். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட் இவற்றையும் இப்போதே மாற்றிவிடுங்கள். சம்பைக் கழற்றி ஆயில் வடிகட்டி வலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கரிப்பசை அடைத்திருந்தால் நல்ல இன்ஜினும் பேரிங் அடித்துவிடும். வலையில் மினுமினுப்பான துகள் கிடந்தால் பேரிங் ஏற்கெனவே தேயத் தொடங்கிவிட்டது. அந்த இன்ஜினைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதற்காகவே ‘சம்ப் திறந்து பார்த்த பிறகு மீதிப் பணம்’ என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

மாட்டும்போது நடக்கும் தவறுகளில் இரண்டு அடிக்கடி வருகின்றன. ஒன்று, கியர்பாக்ஸ் முழுக்க உட்காராமல் இருக்கும்போதே போல்ட்டை முறுக்கி இழுப்பது. கிளட்ச் பிளேட்டை டம்மி ஷாஃப்ட் வைத்து நடுவில் நிறுத்தினால் கியர்பாக்ஸ் கையால் தள்ளியே சேரும். சேரவில்லை என்றால் காரணம் இருக்கிறது. போல்ட்டால் இழுத்தால் ஹவுசிங் காது உடையும். இன்னொன்று, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரை மறந்துவிடுவது. அப்போது ஸ்டார்ட்டர் மின்சாரம் கிளட்ச், ஆக்ஸில் கேபிள் வழியாகப் போகும். ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றும், கேபிள் சூடாகி இறுகிக்கொள்ளும். கேபிள் மேல் கேபிளாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். எர்த் ஒயரைப் பார்க்கத் தோன்றாது.

ஏறக்குறைய 3 லிட்டர் ஆயில், புது ஃபில்டர். பிளக் போடாமல், ஆயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றிய பிறகே பிளக் மாட்ட வேண்டும். ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை, 1-3-2. ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால், நடுவில் நீளமான ஹோஸ். அதனால் காற்று அடைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து வைத்து ஐட்லில் ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை கூலண்ட் ஊற்றுவதுதான் முறை. இதற்கு நேரம் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள்.

டெஸ்ட் ஓட்டத்துக்குக் காலி ரோடு போதாது. கோரிப்பாளையம் நெரிசலில் சாயங்காலம் நகர்ந்து பாருங்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி நிற்கிறதா, சூட்டு முள் நடுவில் நிற்கிறதா என்பது அங்கேதான் தெரியும். பிறகு நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில் ஒரே வேகத்தில் போய் வந்து, வண்டியைச் சூடாக இருக்கும்போதே நிறுத்தி, அடியில் அட்டை விரித்துப் பாருங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மறுபடி மாற்றுங்கள்.

வாரண்டி விஷயத்தில் இந்தச் சேவைக்கு மதிப்பெண் குறைவு. வாய்ச்சொல்தான் பெரும்பாலும். பில்லில் இன்ஜின் நம்பர், எந்த வண்டியிலிருந்து எடுத்தது, எத்தனை நாள் பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். அந்த வண்டியின் ஆர்.சி. நகலும் வேண்டும். நம்பர் சுரண்டியிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் தொடாதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, இன்ஜின் மாற்றியதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மாட்டுவதற்கு முன்பே அனுமதி கேட்டுவிட்டால் அலைச்சல் குறையும். வண்டி டி.என். 58-ஆ, 59-ஆ, 64-ஆ என்பதைப் பார்த்து, அந்த அலுவலகத்துக்கே போங்கள். இன்ஷூரன்ஸிலும் புது நம்பர் ஏற வேண்டும். ஏறாமல் விபத்து நடந்தால் கிளெய்ம் சிக்கலாகும்.

பழைய இன்ஜினைக் கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் கேட்பார். கொடுப்பதற்கு முன் உங்கள் கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் நான்கையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய இன்ஜினோடு வருவதைவிட உங்களுடையது நல்லதாக இருக்கலாம். பெட்டை மட்டும் கொடுத்து, அதன் நம்பரையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.