ஒற்றைத் தலையிடிக்கு எந்தக் குளிசை: சுமாட்ரிப்டனா, ரிசாட்ரிப்டனா, எர்கொட்டமினா?

பனடோல் இரண்டு போட்டும் அடங்காமல், வெளிச்சம் கூசி, சத்தி வந்து, இருட்டறையில் படுக்கவைக்கும் தலையிடிக்கு டொக்டர் துண்டில் எழுதக்கூடிய மருந்துகள் இவை. எங்கள் சாய்வு சுமாட்ரிப்டன் பக்கம், அதுவும் நப்ரொக்சன் என்ற நோக்குளிசையோடு சேர்த்து.

எர்கொட்டமின் பழைய மருந்து. கைகால் இரத்தக்குழாய்களையும் சேர்த்து இறுக்கும், சத்தியையும் கூட்டும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற அன்டிபயோட்டிக் எடுக்கும் நாளில் போட்டால் விரல்களுக்கு இரத்தம் போவதே நின்றுவிடலாம். சளிக்கு ஓரிடம், தலையிடிக்கு இன்னோரிடம் என்று மருந்து எடுக்கிற ஊரில் இதை முதல் தெரிவாகச் சொல்ல மனம் வரவில்லை.

ரிசாட்ரிப்டன் 10 மில்லிகிராம் சற்று வேகமானது. ஆனால் தலையிடி வராமல் தடுக்கக் கிளினிக்கில் புரோப்ரனலோல் எடுப்பவர்கள் பலர். அது இரத்தத்தில் ரிசாட்ரிப்டன் அளவைக் கூட்டிவிடும். அவர்களுக்கு 5 மில்லிகிராம்தான். சுமாட்ரிப்டனுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

உண்மையில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது இரைப்பை. தலையிடி ஏறும்போது இரைப்பையின் அசைவு மந்தமாகிவிடும். விழுங்கிய குளிசை குடலுக்குப் போகாமல் அங்கேயே கிடக்கும். சுமாட்ரிப்டனில் ஏறக்குறைய 15 வீதம்தான் நல்ல நாளிலேயே இரத்தத்தை எட்டும். பிந்திப் போட்டால் அதுவும் நேரத்துக்குப் போய்ச் சேராது. “மருந்து வேலை செய்யவில்லை” என்று வருபவர்களில் பலர், நல்லூர்த் திருவிழா வெயிலில் விரதத்தோடு நின்று, இடி தொடங்கி, வீடு வந்து, ஒரு தேத்தண்ணி குடித்துப் பார்த்து, கடைசியில் சத்தி எடுத்த பிறகுதான் குளிசையைத் தேடியிருப்பார்கள்.

ஆகவே இடி இலேசாக இருக்கும்போதே 50 மில்லிகிராம் போடுங்கள். கண்ணில் மினுக்கம் மட்டும் தெரிகிற நேரத்தில் வேண்டாம், இடி தொடங்கட்டும். குமட்டல் வழக்கமானவர்கள் டொம்பெரிடோன் 10 மில்லிகிராமைக் கூடவே எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டுவைத்திருங்கள். சுமாட்ரிப்டன் இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும், அதனால்தான் இடி இரவில் திரும்பி வருகிறது. நப்ரொக்சன் 500 நெடுநேரம் நிற்பதால் அந்த இடைவெளியை மூடும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நப்ரொக்சன் ஆகாது.

முதல் குளிசை கேட்டு, பிறகு இடி திரும்பினால் இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொன்று போடலாம். முதலாவது கொஞ்சமும் கேட்காவிட்டால் அதே இடிக்கு இரண்டாவது வேண்டாம். மூன்று தடவை நேரத்துக்குப் போட்டும் பயனில்லை என்றால் ரிசாட்ரிப்டனுக்கு மாறிப்பார்ப்பது நியாயம். ஒன்று கேட்காத உடம்புக்கு மற்றது கேட்பதுண்டு.

வாயில் கரையும் ரிசாட்ரிப்டன் நாக்கிலேயே இரத்தத்தில் ஏறுவதாகப் பலர் நம்புகிறார்கள். அது உமிழ்நீரோடு இரைப்பைக்குப் போய்த்தான் ஏறும், தண்ணீர் தேவையில்லை என்பதே அதன் வசதி. கொழும்பு இரவு பஸ்ஸுக்கு நல்லது. தாளை அழுத்தாமல், உலர்ந்த கையால் உரித்தெடுங்கள். ஈரவிரல் பட்டால் பொடிந்துவிடும். சத்தியை உண்மையில் தாண்டிப் போவது ஊசியும் மூக்கில் அடிக்கும் மருந்தும்தான்.

மாரடைப்பு, பாரிசவாதம் வந்தவர்களுக்கும் பிரஷர் கட்டுப்படாதவர்களுக்கும் இந்த மூன்றுமே கூடாது. குளிசை போட்டதும் நெஞ்சு இறுகி, விடாமல் நின்றால் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். போட்ட நாளைக் கலண்டரில் வட்டமிடுங்கள்: மாதத்தில் 10 நாளைத் தொட்டால் குளிசையே தலையிடியை வளர்க்கத் தொடங்கும், அப்போது கேட்கவேண்டியது தடுப்பு மருந்து.