ரைசன் 5 5600ஜி: பிராசஸர் நன்று, வந்து சேர்ந்த விதம் நன்றன்று

புத்தகப் பக்க வடிவமைப்பு, மெய்ப்புப் பார்ப்பது, பழைய நூல்களை ஸ்கேன் செய்து எழுத்துணரியில் (படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் மென்பொருள்) இடுவது, எப்போதாவது ஒரு சிறு காணொளியைத் தொகுப்பது ஆகியவற்றோடு என் கணினியின் வேலை முடிந்துவிடும். விளையாட்டுகள் ஆடுவதில்லை. ஆகவே, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலேயே இயங்கக்கூடிய ஒரு பிராசஸரைத் தேடினேன். நண்பர் ஒருவர் விலக்கிவைத்த பி450 மதர்போர்டும் இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம்களும் கைவசம் இருந்ததால், ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசஸரைப் பொருத்தும் இடம்) பொருந்துவதையே வாங்குவது என்பது ஏறக்குறைய முன்பே முடிவாகிவிட்டிருந்தது.

இன்டெல் ஐ5-12400ஐயும் ஒருமுறை எண்ணிப்பார்க்காமல் இல்லை. 5600ஜியைப் போலவே அதிலும் 6 கோர்கள், 12 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை இழைகள்), உள்ளேயே கிராபிக்ஸ் என எல்லாம் உண்டு. ஆனால் புதிய மதர்போர்டு வாங்க வேண்டியிருந்திருக்கும். ஐ5-12400ஐ நாடுவோர் பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனெனில் எஃப் வகையில் கிராபிக்ஸ் கிடையாது. சில நூறு ரூபாய் குறைகிறதே என்று அதை வாங்கிவந்து, திரையில் எதுவும் வரவில்லை என மானிட்டரைக் குறைசொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். ஏஎம்டியின் ஏஎம்4 பிராசஸர்களில் இந்த வழக்கம் தலைகீழ். ரைசன் 5 5600இல் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜியில் உண்டு. அதற்கு ஈடாக 5600இன் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) 32 எம்பி, 5600ஜியினுடையது 16 எம்பி மட்டுமே. கிராபிக்ஸ் கார்டு போன்றவை இணையும் பாதையான பிசிஐஇயின் தலைமுறையும் 5600ஜியில் 4க்குப் பதிலாக 3. பின்னாளில் நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு 5600தான் பொருத்தம். பல ஆண்டுகள் கழித்து பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள விரும்புவோர், டிடிஆர்5 ரேமின் செலவையும் ஏற்றுக்கொண்டு, ஏஎம்4க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டில் பொருந்தும் ரைசன் 5 7600ஐப் பார்ப்பது நல்லது. என் தேவைக்கு 5600ஜி போதும் என்று இணையக் கடை ஒன்றில் பணம் செலுத்தினேன்.

வந்த அட்டைப்பெட்டியில் நான்கு பிராசஸர்களைத் தாராளமாக வைத்திருக்கலாம். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் அணையாக இருந்தது கசக்கிய ஒரு காகிதத் துண்டு மட்டுமே. அசைத்தால் உள்ளே உருளும் ஓசை கேட்டது. வெளிப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்ததால், திறப்பதற்கு முன்பே மகளிடம் கைபேசியைக் கொடுத்து, இடையில் நிறுத்தாமல் படம் பிடிக்கச் சொன்னேன். பிராசஸரைத் தாங்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை வாய்பிளந்து கிடந்தது. பிராசஸரோ அதிலிருந்து நழுவி, உடன்வந்த குளிர்விப்பானின் விளிம்பில் சாய்ந்திருந்தது.

ஏஎம்4 பிராசஸரின் அடிப்பக்கத்தில் 1331 பின்கள் இருக்கின்றன. இன்டெல்லின் புதிய பிராசஸர்களிலும் ஏஎம்5இலும் பின்கள் மதர்போர்டின் சாக்கெட்டில் இருப்பதால், வழியில் அடிபட்டாலும் பிராசஸருக்கு இந்த வகைச் சேதம் நேராது. ஏஎம்4இல் அவை பிராசஸரின் உடம்பிலேயே துருத்திக்கொண்டு நிற்கின்றன. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பொன்னிறப் பின்கள் நாற்று நட்டதுபோல் வரிசை பிசகாமல் நிற்க, ஒரு மூலையில் மட்டும் ஏழு பின்கள் சாய்ந்திருந்தன. அவற்றுள் ஒன்று அடுத்த பின்னைத் தொட்டபடி முழுவதும் படுத்துவிட்டது.

மைக்ரோ டிப் பென்சிலின் கரிக்குச்சியை எடுத்துவிட்டு, அதன் குழாய்முனையைப் பின்னில் மாட்டி மெல்ல நிமிர்த்தலாம் என்றார் மதர்போர்டு தந்த நண்பர். அவர் சொன்னது நடைமுறையில் உள்ள வழிதான். ஆயினும், நாம் கை வைத்த பிறகு அந்தச் சேதத்துக்கு நாமே பொறுப்பாளி ஆகிவிடுவோம் என்பதால் நான் தொடவில்லை.

கடையின் முதல் பதில், தயாரிப்பாளரின் 3 ஆண்டு வாரண்டியில் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதாக இருந்தது. அந்த வாரண்டி பழுதுக்கு உரியது, அடிபட்ட சேதத்துக்கு உரியதன்று என்பது விற்பவர்களுக்குத் தெரியாததல்ல. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020இன்படி, குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்ற 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இதைச் சுட்டிக்காட்டி, காணொளியையும் பின்களின் நெருக்கப் படத்தையும் இணைத்து அந்த அலுவலருக்கே எழுதினேன். தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் செல்வதாகவும் ஒரு வரி சேர்த்தேன். மறுநாளே பேச்சின் தொனி மாறியது. ஒன்பதாம் நாள் பொருளைத் திரும்ப எடுத்துச் சென்றார்கள், பதினேழாம் நாள் மாற்றுப் பிராசஸர் வந்தது. இம்முறை அளவான பெட்டி, குமிழி உறை மூன்று சுற்று. எப்படி அனுப்ப வேண்டும் என்று அறியாத கடை அல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. எரிச்சலும் அப்போதுதான் அதிகமானது.

பிராசஸரைப் பற்றி எனக்குக் குறை அதிகம் இல்லை. முந்நூறு பக்க நூல் ஒன்றை எழுத்துணரியில் இட்டுவிட்டு, அதே வேளையில் வேறொரு நூலின் பக்கங்களைத் திருத்த முடிகிறது. உள்ளிருக்கும் கிராபிக்ஸ் கணினியின் ரேமையே பங்கிட்டுக்கொள்வதால், ஒற்றை ரேமோடு நிறுத்திவிடாமல் இரண்டாகப் போடுவது அவசியம். நான் ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது காணொளித் தொகுப்பில் தடுமாற்றம் வெளிப்படையாகவே தெரிந்தது. உடன்வரும் குளிர்விப்பான், வேலை கூடும்போது சற்று இரைகிறது. இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் கேட்கும்.

பிராசஸருக்கு ஐந்தில் நான்கு தருவேன், கடைக்கு ஒன்றரை. அந்த அரையும் இரண்டாவது பெட்டிக்காக. இனி ஏஎம்4 பிராசஸர் யாருக்கேனும் வாங்க வேண்டியிருந்தால், விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் கிளம்பி சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்கே போய், கடைக்காரர் முன்னிலையில் உறையைத் திறந்து, பின்களைப் பார்த்த பிறகே பணத்தை எடுப்பதாக இருக்கிறேன்.