எஃப்சி ஆர்எக்ஸ்-7: டிரிஃப்டுக்கும் ஆட்டோகிராஸுக்கும் ஒரே கார் போதுமா?

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் இரண்டாம் தலைமுறையை, அதன் சேஸிஸ் குறியீட்டை வைத்து எஃப்சி என்றே ஆர்வலர்கள் அழைக்கிறார்கள். 1985இல் அறிமுகமான அந்தத் தலைமுறையில், டர்போ இல்லாத 1987 மாடல் ஒன்றை வாங்கி, இரண்டு ஆண்டுகளாக டிரிஃப்ட் பயிற்சிக்கும் (பின் சக்கரங்களை வழுக்கவிட்டுக் காரைப் பக்கவாட்டில் ஓட்டுவது) ஆட்டோகிராஸுக்கும் (கூம்புகள் வைத்து அமைத்த பாதையில் நேரத்தோடு போட்டியிட்டு ஓட்டுவது) மாறிமாறி ஓட்டி வருகிறேன். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி எஞ்சின் கொண்ட பழைய காரைத் தயார் செய்ய நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எத்தனை குதிரைத்திறன் கூட்டலாம் என்பதைத்தான். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் காரில் நான் செய்த வேலைகளில் பலன் தந்தவை பெரும்பாலும் வெளியே தெரியாத இடங்களில் இருக்கின்றன. பார்த்தவர்கள் பாராட்டியவற்றில் பாதியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

காரின் அடிப்படை அமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. இரண்டு ரோட்டர் கொண்ட 13பி எஞ்சினின் கொள்ளளவு 1308 சிசி மட்டுமே. கைக்கு அடக்கமான அளவில் இருப்பதால் அதை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி, தாழ்வாகப் பொருத்த முடிந்திருக்கிறது. முன்னும் பின்னும் எடை ஏறத்தாழ சரிபாதியாகப் பிரிந்திருக்கிறது. மொத்த எடை 1200 கிலோவை ஒட்டியே நிற்கிறது. ஆட்டோகிராஸில் கூம்புகளுக்கு இடையே வளைந்து செல்லும்போது, ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணத்திலேயே மூக்கு திரும்புவதற்கு இதுவே காரணம். 146 குதிரைத்திறன் என்பது இன்றைய கணக்கில் குறைவுதான். அதைவிட உறுத்துவது, எஞ்சின் குறைந்த சுற்றில் ஓடும்போது இழுவை இல்லாததுதான். மெதுவான திருப்பத்திலிருந்து இரண்டாம் கியரில் வெளியேறும்போது எஞ்சின் ஒரு கணம் யோசிப்பது போலத் தோன்றும்.

வாங்கும் முன் செய்தே ஆக வேண்டியது கம்ப்ரஷன் சோதனை, அதாவது எஞ்சின் அறைகளில் எழும் அழுத்தத்தை அளப்பது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகங்கள் உண்டு. மூன்றின் அழுத்தமும் தனித்தனியே தெரிய வேண்டும். பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண கேஜ், மூன்றில் அதிகமானதை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும். நான் நம்பிப் போன ஒர்க்ஷாப் அப்படித்தான் அளந்து, எஞ்சின் நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பியது. ஒரு மாதம் கழித்து, சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுத்தபோது, கேஜின் வால்வைக் கழற்றிவிட்டு முள்ளை நானே கவனித்தேன். சம அளவில் மூன்று துடிப்புகள் வர வேண்டிய இடத்தில், முன் ரோட்டரில் பெரிதாக ஒன்றும், தளர்ந்துபோய் இரண்டும் வந்தன. ஒரு ஏபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனையில் கசிவை அடைக்கும் பட்டை) அதன் இருபுறமும் உள்ள இரண்டு அறைகளுக்கும் பொதுவான சுவர் என்பதால், அது ஒன்று பழுதானால் இரண்டு முகங்கள் அழுத்தத்தை இழக்கும். எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பதில் முதல் ஆண்டின் பாதி போனது.

அந்த எஞ்சினைக் காப்பாற்றி வைப்பதில்தான் என் கவனம் முழுவதும் சென்றது. ரோட்டரி எஞ்சினில் எரிப்பு எப்போதும் ரோட்டரைச் சூழ்ந்த உறையான ஹவுசிங்கின் ஒரே பக்கத்தில் நடக்கிறது. காற்றை உறிஞ்சும் பக்கம் ஒப்பீட்டளவில் குளிர்ந்தே இருக்கும். அலுமினிய ஹவுசிங்குகளும் வார்ப்பிரும்புத் தட்டுகளும் அடுக்கடுக்காக வைக்கப்பட்டு நீண்ட போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருப்பதால், சூடேறும்போது அவை ஒரே அளவில் விரிவதில்லை. அந்த இழுபறியை எல்லாம் நடுவில் இருக்கும் ரப்பர் வளையங்கள் தாங்குகின்றன. ஒருமுறை அளவு மீறிச் சூடேறினால் போதும், அந்த வளையங்கள் கெட்டு, கூலண்ட் எஞ்சினுக்குள் கசியத் தொடங்கும். ஆட்டோகிராஸில் ஒரு ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால், அடுத்த முறை வருவதற்குள் எஞ்சின் ஆறிவிடுகிறது. டிரிஃப்டிலோ எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுக்கு மேலேயே நிற்க, கார் பக்கவாட்டில் செல்வதால் மூக்கு வழியே நுழைய வேண்டிய காற்றில் பாதி நுழைவதே இல்லை.

தடித்த அலுமினிய ரேடியேட்டரைப் பொருத்திய பிறகும் டிரிஃப்ட் பாதையின் மூன்றாவது சுற்றில் கூலண்ட் 105 டிகிரி செல்சியஸைத் தொட்டது. குற்றம் ரேடியேட்டரில் இல்லை. எஃப்சி, காற்றைப் பெருமளவில் பம்பருக்குக் கீழிருந்து எடுத்துக்கொள்ளும் கார். அதை மேலே திருப்பிவிடுவது அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. என் காரின் முந்தைய உரிமையாளர் அதைக் கழற்றி எறிந்திருந்தார். ஒரு தகட்டை வெட்டி அதன் இடத்தில் பொருத்தி, ரேடியேட்டரைச் சுற்றியிருந்த இடைவெளிகளை ஃபோம் வைத்து அடைத்தேன். முன்னால் இருக்கும் ஆயில் கூலரின் இதழ்களில் படிந்திருந்த மண்ணையும் டயர்த் துகளையும் கழுவினேன். அதன் பிறகு 95 டிகிரியைத் தாண்டியதில்லை. விலை உயர்ந்த பாகம் செய்யாததை ஒரு தகடு செய்தது.

எக்ஸாஸ்ட் மாற்றத்தைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது அங்கேதான். 1986 முதல் 1988 வரையிலான டர்போ இல்லாத கார்களில் காற்றை எஞ்சினுக்குள் விடும் துளைகளான இன்டேக் போர்ட்டுகள் ஆறு உண்டு. அவற்றில் கடைசி இரண்டும் அதிக சுற்றில் திறப்பதற்கு, எக்ஸாஸ்ட்டில் உருவாகும் எதிரழுத்தமே பயன்படுத்தப்படுகிறது. தடையற்ற சைலன்சரைப் பொருத்தினால் அந்த அழுத்தம் குறைந்து, இரண்டு போர்ட்டுகளும் நேரத்துக்குத் திறக்காமல் போகின்றன; சத்தம் கூடி வேகம் குறைகிறது. சிலர் அவற்றைக் கம்பி கட்டி நிரந்தரமாகத் திறந்து வைக்கிறார்கள். ஏற்கெனவே பற்றாக்குறையாக இருக்கும் கீழ்ச்சுற்று இழுவை அதனால் இன்னும் குறையும் என்பதால், ஆட்டோகிராஸ் ஓட்டுபவர்களுக்கு அது நல்ல யோசனை இல்லை. நான் பழைய சைலன்சருக்கே திரும்பினேன். மற்றபடி, சீல்கள் தேயாமல் இருக்க பெட்ரோலில் லிட்டருக்கு 6 முதல் 8 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பதும், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்திவிட்டு உடனே அணைக்காமல் இருப்பதும் பழகிவிடும். பின்னதை மறந்தால் பெட்ரோல் தேங்கி, உங்கள் முறை வரும்போது கார் கிளம்பாது.

கூலிங்குக்கு அடுத்து மிகப் பெரிய மாற்றத்தைத் தந்தது, பின் சக்கரத்தின் ஹப்பில் (சக்கரம் பொருந்தும் மையப் பகுதி) இருக்கும் ஒரு ரப்பர் புஷ். தொழிற்சாலை அமைப்பில், திருப்பத்தின் பக்கவாட்டு விசை அரை ஜி (புவியீர்ப்பில் பாதி) அளவை நெருங்கும்போது அந்த ரப்பர் நெகிழ்ந்து பின் சக்கரத்தைச் சற்றே உள்நோக்கித் திருப்பும். சாலையில் ஓட்டுபவருக்கு அது பாதுகாப்பு. கூம்புகளுக்கு இடையே இடமும் வலமும் மாறி மாறி வளைபவருக்கோ, பின்பக்கம் ஒரு முறை அசைந்து, பிறகு இன்னொரு முறை அமர்வது போன்ற குழப்பம். டிரிஃப்டில் ஒரு திசையிலிருந்து மறு திசைக்குக் காரை வீசும்போது அந்தக் குழப்பம் இரட்டிப்பாகும். ரப்பருக்குப் பதிலாக நெகிழாத புஷ்களைப் பொருத்திய அன்று, ஸ்டீயரிங்கில் நான் செய்துவந்த திருத்தங்கள் பாதியாகக் குறைந்தன. கொஞ்சம் சத்தம் கூடியது; அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டு விளையாட்டுகளும் நேருக்கு நேர் மோதிக்கொள்வது, இரண்டு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரென்ஷியலில்தான். டிரிஃப்டுக்காக அதை வெல்டிங் செய்து பூட்டுவது எளிய வழி. முதல் ஆண்டு நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் இறுக்கமான திருப்பத்தில் இரண்டு பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழன்றே தீர வேண்டியிருப்பதால், அவை முன்பக்கத்தை நேராகத் தள்ளுகின்றன. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் வெளிப்பக்கக் கூம்பை நோக்கியே போகும். ஒரு கூம்பைச் சாய்த்தால் 2 விநாடி தண்டனை என்ற விதியின் கீழ் ஓட்டும்போது, இதைச் சகித்துக்கொள்ள முடியாது. இப்போது இருப்பது கிளட்ச் வகையிலான 1.5 வே டிஃபரென்ஷியல்; ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது முழுமையாகவும் விடும்போது பாதியளவும் இறுகும். டிரிஃப்டில் பின்பக்கத்தை வழுக்கவிட இன்னும் சற்று வலுவாகத் திருப்பத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

முன் சக்கரங்கள் திரும்பும் கோணத்தை அதிகரிக்கும் நக்கிள்களையும் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகங்கள்) வாங்கிப் பொருத்தினேன். டிரிஃப்டில் அவை என்னைப் பலமுறை சுழலாமல் காப்பாற்றின என்பது உண்மை. ஆனால் அவற்றோடு ஆட்டோகிராஸில் முன் டயர்கள் உள்விளிம்பில் தேய்ந்தன, ஸ்டீயரிங் நடுவில் பதற்றமாகிவிட்டது, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் அலைன்மென்ட் பார்க்க வேண்டியிருந்தது. என் திறமைக்குத் தொழிற்சாலைக் கோணத்தோடு, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில் மெல்லிய ஸ்பேசர் ஒன்று போதுமானதாக இருக்கிறது. எனவே நக்கிள்கள் கழற்றப்பட்டு, எண்ணெய் தடவிய துணியில் சுற்றப்பட்டு, தடையற்ற சைலன்சர் வந்த அட்டைப் பெட்டியில் கிடக்கின்றன.